குட்டி யானைக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டீசல் டேங்க் போட்ட கதை (வியாசர்பாடி பக்கம் ஒரு பட்டறை)

நம்ம குட்டி யானை டாடா ஏஸ், காசிமேட்டுல இருந்து மீன் லோடு அடிக்கிற வண்டி, அதோட டேங்க் துருப்பிடிக்கலன்னாதான் ஆச்சரியம். மீன் பெட்டியில இருந்து ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் நாள் பூரா அது மேலயே சொட்டும். இது வெளிய. உள்ள வேற கதை, மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் வண்டி சும்மா நிக்கும், டேங்க்ல கால்வாசி டீசல் மீதி காத்து, ராத்திரியானா அந்த காத்துல இருக்கற ஈரம் தகட்டுல வேர்த்து கீழ இறங்கும், டீசல விட தண்ணி கனம் இல்லையா, அடியிலயே உக்காந்து அரிச்சுக்கிட்டே இருக்கும். ரெண்டு வருஷமா ஃபில்டர் மாத்தியே நொந்துட்டேன், கழட்டினா டீ டிக்காஷன் மாதிரி வருது.

பழைய டேங்க்லயே ஒட்டு போடலாமா பாய்னு கேட்டதுக்கு பட்டறைக்காரர் ஒரு பார்வை பாத்தாரு. "காலின்னு நெனச்சுக்கினு நெருப்பு வெச்சேன்னு வை, உள்ள இருக்கற ஆவி புடிச்சு வெடிச்சா உனக்கும் கெடுதி எனக்கும் கெடுதி தம்பி"ன்னாரு. அந்த பேச்சுலயே புதுசா எஸ்எஸ் டேங்க் செய்யற வேலைய இவர்கிட்ட குடுத்துடலாம்னு தோணிடுச்சு.

தகடு நானே செம்புதாஸ் தெருவுல வாங்கிக் குடுத்தேன். அங்க ஒரு கடையில 202-ன்ற ரகத்த காட்டி இதுவும் எஸ்எஸ்தான், காந்தம் வெச்சு பாரு ஒட்டுதா பாருன்றான். காந்தம் 304 ரகத்துலயும் ஒட்டாது 202-லயும் ஒட்டாது, அத வெச்சு என்னத்த கண்டுபுடிக்கறது? 202-ல நிக்கல் கம்மி, உப்புக்காத்துக்கு சீக்கிரம் கறை புடிச்சிடும். 316 இன்னும் நல்லது, ஆனா விலைய கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு வந்துட்டேன். 304, ஒன்றரை எம்எம், முடிஞ்சது.

டேங்க் 60 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 22 உயரம், கணக்கு போட்டா 33 லிட்டர். பழசு இருந்த எடத்துலயே உக்காரணும்னு நான்தான் சொன்னேன், நாளைக்கு எஃப்சிக்கு (வண்டி தகுதிச் சான்று) போனா கேள்வி வரக்கூடாது. உள்ள ரெண்டு தடுப்பு தகடு வெச்சு அதோட கீழ் மூலைய மட்டும் வெட்டி விட்டிருந்தாரு, பிரேக் அடிச்சா டீசல் ஒரே பக்கமா போய் முட்டாது, ஆனா அடியில ஓடிக்கும். டீசல் இழுக்கற பைப்ப அடியில இருந்து விரல் அகலம் தூக்கி வெச்சு, தண்ணி தேங்கினா கழட்டி விட கீழ ஒரு டிரெயின் போல்ட்டு. இதெல்லாம் நான் கேக்கவே இல்ல, அவரே செஞ்சது.

ஆர்கான் வெல்டிங் செம நீட்டு, காசு அடுக்கி சாச்சு வெச்ச மாதிரி ஒரே வரிசை. எல்லா ஓட்டையையும் அடைச்சு லேசா காத்து குடுத்து சோப்பு தண்ணி தடவினப்போ ஒரு மூலையில மட்டும் குட்டியா நுரை பொங்குச்சு. எனக்கு பக்குன்னுச்சு. அவரு ஒண்ணுமே பேசாம சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டுட்டு போய் டீ குடிச்சிட்டு வந்து அத மறுபடி வெல்டு வெச்சாரு.

இப்போ குறை. நாலு நாள்னு சொல்லி பதிமூணு நாள் ஆக்கிட்டாங்க, தடைக்காலம்ன்றதால தப்பிச்சேன், இல்லன்னா பொழப்பு போயிருக்கும். அப்புறம் பட்டறை பையன் இரும்பு பிரஷ்ஷால வெல்டிங்க தேய்ச்சிருக்கான், அந்த இரும்புத் தூள் ஒட்டி ஒன்றரை மாசத்துல அந்த எடம் மட்டும் பழுப்பாச்சு. எடுத்துட்டு போனா பாய் எதோ ஆசிட் பேஸ்ட் தடவி கழுவி குடுத்துட்டாரு, காசு கேக்கல, பையனுக்குதான் நல்லா விழுந்துச்சு.

மிச்சம் டீசல் அளவு காட்டற கேஜ் ஒண்ணுதான். பழைய மிதவையையே மாட்டினாங்க, அதோட கம்பி புது டேங்க்குக்கு சரியா பொருந்தல, அதனால பாதி காலியாகற வரைக்கும் முள்ளு ஃபுல்லுலயே நிக்குது, அதுக்கப்புறம் தடால்னு எறங்குது. கேட்டா "கம்பிய வளைச்சா சரியாயிடும், வா"ன்றாரு, லோடு நேரத்துல எங்க போறது, டேஷ்போர்டுல ஒரு நோட்டு வெச்சு கிலோமீட்டர் எழுதித்தான் இப்போ டீசல் போட்டுக்கிட்டிருக்கேன்.