இருபரிமாண அகச்சிவப்பு நிறமாலைமானியோடு ஐந்து வருடம்

புரதம் ஒரு சின்ன மூலக்கூறை எப்படி அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் படிக அமைப்பு சொல்லிவிடும். உட்கார்ந்த இடம் இறுக்கமா, தளர்வா? அதற்குத்தான் ஐந்து வருடமாக இந்தக் கருவியோடு இருக்கிறேன். மிகக் குறுகிய அகச்சிவப்பு லேசர் துடிப்புகளை அடுத்தடுத்துச் செலுத்தி, மூலக்கூறின் அதிர்வெண் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று இது காட்டும்.

நான் பழகியது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியில். 1998-இல் வேதியியலாளர் ஹாக்ஸ்ட்ராசரின் குழு, மூன்று நைட்ரஜன் அணுக்கள் கொண்ட அசைடு அயனியை வைத்து அகச்சிவப்பு எதிரொலி (லேசர் துடிப்புகளுக்கு மூலக்கூறு சற்றுப் பிந்தித் திருப்பி அனுப்பும் சமிக்ஞை) அளந்த அதே நொதி. அசைடு நொதிக்குள் இருக்கும் துத்தநாகத்தில் போய் ஒட்டியதும் அதன் அதிர்வெண் சுமார் 50 செ.மீ.⁻¹ (அதிர்வெண்ணை அளக்கும் அலகு) மேலே ஏறிவிடும். இது சாதாரண நிறமாலைமானியிலேயே தெரியும். அழகு அதற்கு அப்புறம்தான். இருபரிமாணப் படத்தின் ஒரு அச்சு தொடக்க அதிர்வெண், மற்றது காத்திருந்த பிறகான அதிர்வெண்; இரண்டும் ஒன்றாக இருக்கும் மூலைவிட்டத்தை ஒட்டி நீண்ட ஒரு புள்ளி வரும். துடிப்புகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், தண்ணீரில் தனியாக இருக்கும் அசைடின் புள்ளி ஓரிரு பிக்கோவிநாடியில் (விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) உருண்டையாகும். சுற்றியிருக்கும் நீர் ஓயாமல் இடம் மாறுவதால், தொடங்கிய அதிர்வெண் அதற்கு மறந்துபோகிறது. நொதிக்குள் இருக்கும் அசைடோ நீண்டபடியே நிற்கும். முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது நடு இரவு. எழுந்துபோக மனமே வரவில்லை.

இன்னொரு பலம், சமிக்ஞை நிலைமாற்ற இருமுனைத் திருப்புத்திறனின் (ஒரு அதிர்வு ஒளியோடு எவ்வளவு வலுவாக இணைகிறது என்பதன் அளவு) நான்காம் அடுக்கில் ஏறுவது. சாதாரண உறிஞ்சலில் அது இரண்டாம் அடுக்குதான். அதனால் புரதச் சங்கிலியின் பிணைப்புகள் தரும் வலுவான அமைடு பட்டை நீரின் பின்னணியிலிருந்து எடுப்பாக வெளியே வரும்.

சிரமம் என்றால் முதலில் காற்றின் ஈரம். 6 மைக்ரான் பக்கம் நீராவிக் கோடுகள் நிறைய. ஒரு கண்ணாடியைத் திருத்தப் பெட்டியைத் திறந்தால், உலர்காற்று மறுபடி நிரம்பும்வரை அந்தப் பிற்பகல் போச்சு. அடுத்தது மாதிரி. இரண்டு கால்சியம் ஃபுளோரைடு வில்லைகளுக்கு நடுவே 50 மைக்ரான் இடைவெளி, அதில் மில்லிமோலார் செறிவில் புரதம். அந்தச் செறிவில் பல புரதங்கள் திரண்டுவிடும். ஒரு கோடைகாலம் முழுக்க அப்படித்தான் எனக்குப் போனது.

அதிர்வின் ஆயுள் சில பிக்கோவிநாடிதான். அதைவிட மெதுவான அசைவுகள் படத்தில் நிலையாகவே தெரியும். அவற்றை இதில் தேடாதீர்கள். பிணைப்பு வலிமை மட்டும் போதும் என்றால், பிணையும்போது வரும் வெப்பத்தை அளக்கும் வெப்ப அளவியலே சுலபம். பிணைப்புக் குழி எப்படித் துடிக்கிறது என்று தெரிய வேண்டுமா, இதைத்தான் சொல்வேன். புதிதாக வருகிறவர்களுக்கு இன்றும் முதல் மாதிரியாக அந்த அசைடைத்தான் கையில் கொடுக்கிறேன்.