இரவில் பெட்டியைக் கழற்றுவதா, விடுவதா: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்னர்

வவுனியாவில் வசிக்கும் என் மனைவியின் தம்பி, எங்களிடம் இருப்பதைப் போன்ற பயண ரெயிலர் ஒன்றைத் தானும் கட்டுவிக்க எண்ணியிருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் நீளம், அகலம், கூரைத் தகடு, ரயர், செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தபின், போகிற போக்கில் கேட்பவர் போல, "அத்தான், வழியிலை ராத்தங்கேக்கை பெட்டியைக் கழட்டி விடுறனீங்களோ, இல்லாட்டிக் கொழுவினபடியே படுக்கிறனீங்களோ?" என்றார். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் வாய் ஓயாமல் விடை சொன்ன நான், இதற்கு மட்டும் எழுதி அனுப்புவதாகச் சொல்லித் தப்பினேன். இதே கேள்வியை அவர் இரண்டு கிழமைகளுக்கு முன்னர் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் விடை கிடைத்திருக்கும். இடையில் பெட்டி ஒரு முறை லேத் பட்டறைக்குப் போய்வந்துவிட்டது.

பெட்டி என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொழுவுவதற்கு எங்கள் ஊரில் வழங்கும் பெயர் அதுவே. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய வான்களின் விலைகூடக் கைக்கெட்டாமல் போனபோது, இருக்கிற கெப் வாகனத்துக்குப் பின்னால் படுக்கையும் அடுப்பும் உள்ள பெட்டியொன்றை இழுத்துச் செல்லலாம் என்று 2021இல் இதைக் கட்டுவித்தோம். ஒற்றை அச்சு, இரண்டு சில்லுகள், சாமான்களோடு ஏறத்தாழ 900 கிலோ. அதில் 90 கிலோ அளவு, பெட்டியைக் கொழுவுவதற்காக வாகனத்தின் பின்புறத்தில் பூட்டியுள்ள இரும்புக் குண்டின்மீது இறங்குகிறது. ஆள் நிறை பார்க்கும் தராசைப் பெட்டியின் முன்னால் நீண்டிருக்கும் கழுத்துக்குக் கீழே வைத்து நானே எடுத்த கணக்கு இது. மொத்த நிறையில் பத்திலொரு பங்கு முன்னே இறங்கினால் ஓட்டத்தில் பெட்டி வாலாட்டாது என்பதால், இந்த ஒரு விடயத்தில் கட்டியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். நான்கு மாரிகளில் கூரையும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று எரிபொருள் வாங்கிய காலத்தில் அது முற்றத்து மாமரத்தின் கீழ் நின்று பேரப்பிள்ளைகளின் விளையாட்டு வீடாக இருந்தது. 2023 செப்ரெம்பரில் அந்தப் பங்கீடு நீங்கிய பிறகுதான் மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலை, ஒருமுறை கண்டி என்று உண்மையான ஓட்டம் தொடங்கியது.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். கழற்றும் முறையில் கடினம் எதுவும் இல்லை. முதலில் பெட்டிச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடை வைக்க வேண்டும். எங்களிடம் அதற்கென்றே பனங்குற்றித் துண்டுகள் நான்கு இருக்கின்றன. பிறகு விளக்குகளுக்கான வயரின் பிளக்கை இழுத்தெடுத்து, தாழ்ப்பாளைத் திறந்து, கழுத்தில் உள்ள முன்சில்லைத் திருகி இறக்கினால், குண்டைக் கவ்வியிருக்கும் வாய் தானாக மேலெழும்பிவிடும். எங்கள் பெட்டியின் வாய் எழும்பாது. திருகத் திருகப் பெட்டியோடு சேர்ந்து வாகனத்தின் பின்புறமும் உயரும். வில்தகடுகள் நீளும் மட்டும் நீண்டு, இனிச் சில்லுகளே நிலத்தை விட்டுக் கிளம்பிவிடுமோ என்று அஞ்சும் வேளையில், வெடி போட்டது போல ஒரு சத்தத்துடன் வாய் விடுபட, வாகனம் கீழே இருக்கப் பெட்டி மேலே துள்ளும். மணற்காட்டில் ஒரு மாலையில் அந்தக் கூடுதல் பாரத்தையும் தாங்க மாட்டாமல் முன்சில்லு மணலுக்குள் அச்சு வரை புதைந்தது. பனஞ்சலாகைத் துண்டொன்றை அதன் கீழே செருகிவிட்டு மீண்டும் திருகியபோது வாய் எதிர்பாராமல் விடுபட்டதில், என் இடக்கை மோதிர விரலின் நகம் போயிற்று. ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி அன்று சொன்னதை இங்கே எழுத முடியாது. காலையில் மறுபடியும் கொழுவுவது இன்னொரு கூத்து: வாய் குண்டில் இறங்க மறுப்பதால், நானும் மருமகனும் பெட்டியின் கழுத்தில் ஏறி நின்று, நெல்லுக் குத்துகிறவர்களைப் போல மாறி மாறிக் குதிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நான்கைந்து இரவுகளுக்குப் பின்னர், பெட்டியை வழியில் கழற்றவே கூடாது என்ற கொள்கைக்கு நான் வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்ததோடு நில்லாமல், கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் அதைப் போதித்தேன். கொள்கைக்கு ஆதாரங்களும் குறைவில்லை. ஒட்டுசுட்டான் பக்கமாக ஒரு கோயில் வெளியில் நாங்கள் தங்க ஆயத்தமானபோது, அங்கிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "கழட்டாதையுங்கோ ஐயா, யானை வந்தால் உடனை எடுத்துக்கொண்டு போகோணும்" என்றார். வாழைக்குலை, நெல், உப்பு எதுவும் பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் கேட்டு, எங்களிடம் இருந்த இரண்டு சீப்புக் கதலியை எடுத்துப் போய்விட்டார். அன்றிரவு யானை வரவில்லை. தொலைவில் வயற்பக்கமாக வெடிச் சத்தம் மட்டும் இரண்டு தரம் கேட்டது. திறப்பைப் போட்டுத் திருப்பினால் வீடும் வாகனமும் சேர்ந்தே புறப்படும் என்ற நினைப்பில் எனக்கு நித்திரை வந்தது. கழற்றி வைத்திருந்தால் வந்திராது. ஆடி மாதத்தில் பூநகரிப் பக்கம் தங்கிய இரவிலும் அப்படியே: சோளகக் காற்று விலாவில் அறைந்துகொண்டிருந்தபோது, பெட்டியைவிட இரண்டு மடங்கு நிறையுள்ள வாகனம் முன்னால் பிடித்துக்கொண்டிருந்ததால் ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. பகல் முழுவதும் ஓட்டிய களைப்பில், இருட்டில், அறிமுகமில்லாத நிலத்தில் 900 கிலோவை இரண்டு சில்லுகளிலும் ஒரு சிறு முன்சில்லிலும் நிறுத்தும் வேலையைச் செய்யாமல் விடுவதே புத்தி என்பதற்கு இவற்றுக்கு மேல் சான்று வேண்டுமா என்று கேட்பேன்.

நேர்மையாகச் சொன்னால் மறுபக்கமும் இருந்தது. நான்தான் அதைத் தாழ்ந்த குரலில் சொல்லிவந்தேன். கொழுவியபடி தங்கினால் காலையில் பால் வாங்க வீடு முழுவதையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும், அல்லது முச்சக்கர வண்டி தேட வேண்டும். மேடு என்று சொல்லத்தக்க மேடு எதுவும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மட்டம் பார்க்கும் வேலை பெரிதாக இல்லை. திருகோணமலையிலும் கண்டி வழியிலும் நிலைமை வேறு. பெட்டி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் தாழ்ந்த பக்கத்துச் சில்லைப் பலகையில் ஏற்றிச் சரி செய்துவிடலாம், அதைக் கொழுவியபடியே செய்யலாம். முன்பின் சாய்வை வாகனத்திலிருந்து விடுவித்து முன்சில்லைத் திருகித்தான் நேராக்க முடியும். நிலாவெளிக்குப் போகும் வழியில் ஓரிரவு முழுவதும் தலை தாழ, கால் உயரப் படுத்துக் காலையில் முகம் வீங்கி எழும்பியது என் கொள்கைப் பிடிவாதத்துக்குக் கிடைத்த பரிசு. நான்கு மூலைகளிலும் உள்ள இறக்குகால்களால் பெட்டியைத் தூக்கி மட்டமாக்கலாம் என்று முயன்று ஒரு காலை வளைத்தும் இருக்கிறேன். அவை ஆட்டத்தை நிறுத்துவதற்கே தவிரப் பாரம் தூக்குவதற்கு அல்ல.

முல்லைத்தீவில் நடந்தது இன்னும் மோசம். குளிர்பெட்டிக்கான மின்சாரம் அதே பிளக்கின் வழியாக வாகனத்துப் பற்றரியிலிருந்தே வருகிறது என்பதை மறந்து, எல்லாவற்றையும் கொழுவியபடி விட்டுப் படுத்தோம். காலையில் மீன் குளிர்ந்திருந்தது, எஞ்சின் இயங்கவில்லை. கடற்றொழிலாளர் நால்வர் தள்ளித்தான் வாகனம் உயிர் பெற்றது. அவர்கள் தள்ளுவதற்கு வசதியாகப் பெட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது என்பதையும், அவர்கள் முன்னிலையில் அந்தக் குண்டு எப்படி நடந்துகொண்டது என்பதையும் விவரிக்க விரும்பவில்லை. தம்பி பெட்டியைக் கழற்றினாலும் கழற்றாவிட்டாலும், இரவில் அந்த வயரை மட்டுமாவது கழற்றிவிட வேண்டும்.

இப்போது பட்டறைக்கு வருவோம். முன்சில்லின் குழாய் வளைந்து திருக முடியாமல் போனதால், அதை நேராக்குவதற்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த வயதான பட்டறைக்காரர் குழாயைப் பார்ப்பதற்கு முன் குண்டைப் பார்த்தார், வர்ணத்தைச் சுரண்டினார், வேணியர் அளவுகோலை எடுத்து வந்து இரண்டு தரம் அளந்தார். குண்டு 50.8 மில்லிமீற்றர். பெட்டியின் வாயில் பொறித்திருந்தது 50. அமெரிக்க வழக்கில் உள்ள இரண்டு அங்குலக் குண்டை வாகனத்தில் பூட்டிவிட்டு, 50 மில்லிமீற்றர்க் குண்டுக்கென வார்க்கப்பட்ட வாயை, அதன் அடியில் உள்ள நட்டைத் தளர்த்தி அதன்மேல் அடித்து இறக்கியிருக்கிறார்கள். குண்டின் தலையில் 2 என்ற இலக்கம் தெளிவாக இருந்தது; கறுப்பு வர்ணத்தை அதன்மேல் தடித்துப் பூசியிருந்தார்கள். வித்தியாசம் ஒரு வங்கி அட்டையின் தடிப்பு. அந்தத் தடிப்புக்காக நான் ஒரு நகத்தையும், முன்சில்லுக் குழாய் ஒன்றையும், மனைவியிடம் எனக்கிருந்த மதிப்பில் ஒரு பகுதியையும் இழந்திருக்கிறேன்.

நகம் போனதைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. கொழுவிய பின்னர் தாழ்ப்பாள் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று அறிய, முன்சில்லைச் சிறிது திருகி, வாகனத்தின் பின்புறம் சேர்ந்து உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். உயர்ந்தால் பிடித்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு பயணத்திலும் நான் அதைத் தவறாமல் செய்தேன், வாகனமும் ஒவ்வொரு முறையும் உயர்ந்தது. தாழ்ப்பாள் பிடித்ததால் அது உயரவில்லை, குண்டு இறுகிச் சிக்கியிருந்ததால் உயர்ந்தது. தாழ்ப்பாள் அரைவாசிதான் மூடியிருந்தது என்று பட்டறைக்காரர் காட்டினார். ஏ9 வீதியில் பேருந்துகளுக்கு இடம் விட்டு விட்டுக் கண்டி வரை போய்வந்த பெட்டியைக் காத்தது இரண்டு காப்புச் சங்கிலிகளும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு அடித்த தேங்காயும்தான். கட்டியவர்களிடம் போய்ச் சொன்னபோது, நான்கு வருடமாகக் கழலாமல் ஓடியதுதானே என்றார்கள். இவ்வளவுக்கும் அடிச்சட்டத்தில் அவர்கள் வைத்த ஒட்டு ஒன்றுகூட விடவில்லை, கடற்காற்றிலும் துரு ஏறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ளும்போதே பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

புதிய குண்டு பூட்டிய பின்னர் கழற்றுவது அரை நிமிட வேலை. முன்சில்லை ஏழெட்டுச் சுற்றுத் திருகினால் வாய் ஓசையின்றி எழும்புகிறது. குண்டுக்குக் கிறீஸ் பூசுகிறேன். ஆனால் கிறீஸில் ஒட்டும் மணல் அரைத்துத் தேய்த்துவிடும் என்பதால், நிறுத்தியவுடன் பாதியாக வெட்டிய ரெனிஸ் பந்தைத் தொப்பியாகக் கவிழ்க்கிறேன். ஆகவே, நான் இத்தனை காலம் கழற்றுவதன்மேல் சொன்ன குற்றங்களில் பெரும்பகுதி குண்டினுடைய குற்றம். இரண்டு இரவுகளுக்கு மேல் ஓரிடத்தில் தங்கினால், நிலம் முன்பின்னாகச் சாய்ந்திருந்தால், வாகனத்துக்கு வேறு வேலை இருந்தால், தாராளமாகக் கழற்றலாம். ஓரிரவுத் தங்கலானாலும் கெட்டியான சமநிலத்தில், வெளிச்சம் இருக்கும்போது, சில்லுகளுக்கு அடை வைத்த பிறகு கழற்றினால் ஆபத்தில்லை. தம்பிக்கு அனுப்ப வேண்டிய நியாயமான விடை இதுதான்; இதோடு, கட்டுவிக்கும்போது குண்டையும் வாயையும் தன் கையால் அளந்து பார்க்கும்படியும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவர் கேட்டது நான் என்ன செய்கிறேன் என்பதை. சென்ற வெள்ளிக்கிழமை சங்குப்பிட்டிப் பாலத்தால் மன்னார் பக்கம் போய், திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில் தெரிந்தவர் ஒருவரின் வளவில் தங்கினோம். நிலம் மேசை போல மட்டம், கெட்டியான தரை, பொழுது இன்னும் படவில்லை, யானைக் கதையும் இல்லை. பனங்குற்றிகளை வைத்துக் கழற்றினேன். வாய் பூப்போல எழும்பியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவதற்காக மறுபடியும் கொழுவி, மறுபடியும் கழற்றினேன். வளவுக்காரரும் வந்து பார்த்தார். பிறகு வாகனத்தில் போய்ப் பாலும் பாணும் வாங்கி வந்து, தேநீர் குடித்து, எட்டரை மணியளவில் எல்லோரும் படுத்தோம். பத்து மணி வரை புரண்டுவிட்டு, எழுந்து போய், ரோச் லைற்றை வாயில் கவ்வியபடி, பெட்டியை வாகனத்தில் கொழுவி, சங்கிலிகளையும் மாட்டிவிட்டு வந்து படுத்தேன்.