நேரல் – மாத்தேரான் மலைப்பாதை: ஷேர் டாக்சியில் ஓர் ஏற்றம்

மும்பையின் மாட்டுங்காவிலிருந்து தாதர் சென்று, அங்கிருந்து கர்ஜத் லோக்கல் ரயிலில் நேரலில் இறங்குபவர்கள் மாத்தேரான் மலைவாசத்தலத்துக்குப் போவதற்குப் பெரும்பாலும் நாடுவது ரயில் நிலையத்தை அடுத்து நிற்கும் ஷேர் டாக்சிகளைத்தான். சென்ற மாதம் என் மாமனார், மாமியாருடன் அந்தச் சேவையைப் பயன்படுத்தினேன். வாகனம் பரவாயில்லை, ஓட்டுநரின் கைத்திறன் மிக நன்று, ஆனால் இருக்கைகள் நிரம்பும்வரை அரை மணி நேரம் வெயிலில் காத்திருக்க வைத்துவிட்டு, பின்வரிசையில் மேலும் ஒருவரை நெருக்கி உட்கார வைத்ததை ஏற்க முடியவில்லை. முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள், கூடுதலாக ஓர் இருக்கைக்கும் பணம் கொடுத்துவிடுவது நல்லது.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அது ஓடும் பாதையில் இருக்கிறது. நேரலின் வீடுகளும் வயல்களும் முடிந்தவுடன் சாலை செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. வழியில், நேரலிலிருந்து மாத்தேரானுக்குச் செல்லும் சிறிய மலை ரயிலின் இரண்டடி அகலத் தண்டவாளம் குறுக்கிட்டு மறைந்து மீண்டும் தென்படுகிறது. அந்த ரயில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வளைந்து வளைந்து, இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக ஊர்ந்து கடக்கும் உயரத்தின் பெரும்பகுதியைச் சாலை அதில் பாதித் தொலைவுக்கும் குறைவாகவே ஏறிவிடுகிறது என்பதால், கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் முதல் கியரில் முனகுவதில் வியப்பில்லை. வாந்தி வரும் வழக்கமுள்ளவர்கள் நேரல் நிலையத்தில் வடாபாவ் சாப்பிடாமல் ஏறுவது உத்தமம்.

‘மலையின் தலைமேல் உள்ள காடு’ என்ற பொருளில் வழங்கும் மாத்தேரானுக்கு, 1850-ஆம் ஆண்டு தாணே கலெக்டராக இருந்த ஹியூ மாலட் ஏறியது இந்த வழியில் அல்ல. மலையின் மறுபுறமுள்ள சௌக் கிராமத்திலிருந்துதான். பின்னர் பம்பாய் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவின் ஆதரவில் அது கோடை வாசத்தலமாக வளர்ந்தது. நேரலில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் குதிரையிலும் பல்லக்கிலும் மலையேறிய காலம் அது. அப்துல் உசேன் ஆதம்ஜி பீர்பாய் அமைத்த ரயில் பாதை 1907-இல் திறக்கப்பட்டபின் அந்தச் சிரமம் குறைந்தது. 2005 ஜூலைப் பெருமழையில் தண்டவாளம் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு, 2007-இல்தான் ரயில் மீண்டும் ஓடியது. இடைப்பட்ட காலத்தில் ஊருக்கு இந்தச் சாலை எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

டாக்சி தஸ்தூரி நாக்காவோடு நின்றுவிடும். அதற்கு மேல் சாதாரண மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. அங்கே நகராட்சியின் நுழைவுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, செம்மண் பாதையில் நடக்கலாம், குதிரையில் செல்லலாம், அல்லது அருகிலுள்ள அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து சிறிய ரயிலில் ஊருக்குள் செல்லலாம். மாமனார் குதிரையைப் பார்த்தவுடனேயே ரயில் போதும் என்று சொல்லிவிட்டார்.

நேரலிலிருந்து புறப்படும் ரயில் மழைக்காலத்தில் நிறுத்தப்படும் என்பதால், அம்மாதங்களில் டாக்சியை விட்டால் நடைதான். மற்ற காலங்களில், ஏறும்போது டாக்சியையும், இறங்கும்போது, இருக்கை கிடைத்தால், ரயிலையும் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. டாக்சியின் சன்னலில் நொடியில் ஓடி மறைந்த ஜும்மாபட்டி நிலையத்தை அப்போது நின்று நிதானமாகப் பார்க்கலாம்.