எப்சன் எச்எக்ஸ்-20, டிஆர்எஸ்-80 மாடல் 100: எதை வாங்கலாம்?

இரண்டுமே 1980-களில் வந்த, கையில் எடுத்துச் செல்லும் பழைய கணினிகள்; கிட்டத்தட்ட ஏ4 தாள் அளவுதான். 1982-இல் பரவலாக விற்பனைக்கு வந்த எச்எக்ஸ்-20-இன் திரையில் 4 வரி, வரிக்கு 20 எழுத்து. கடிதம் எழுத உட்கார்ந்தால் மூச்சு முட்டும். ஆனால் அதன் உடம்பிலேயே ஒரு குட்டி பிரிண்டர்! கடைப் பில் மாதிரி ரோல் தாள் கடகடவென்று வெளியே வரும். வலப்பக்கம், தரவைச் சின்ன ஒலிநாடாவில் சேமிக்கும் மைக்ரோகேசட் டிரைவும் செருகலாம். எனக்கு மயக்கம் அதன்மேல்தான்.

எழுதுவதற்கென்றால் 1983-இன் மாடல் 100. 8 வரி, வரிக்கு 40 எழுத்து, தட்டச்சுக்கு அருமையான கீபோர்டு. பிரிண்டர், கேசட் ரெக்கார்டர் எல்லாம் கேபிள் போட்டு வெளியேதான். சரி, அமெரிக்க மாடலில் 300 பாட் வேகத்தில் தொலைபேசி வழியே தரவு அனுப்பும் மோடம் உள்ளேயே உண்டு. நிருபர்கள் செய்தி அனுப்பியது அப்படித்தான். நான்கு ஏஏ பேட்டரியில் சுமார் 20 மணி நேரம் ஓடும். எதை வாங்கினாலும் முதலில் கழற்றிப் பாருங்கள்: உள்ளே இருக்கும் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து சர்க்யூட் போர்டை அரித்திருக்கலாம்.