மைக் இரைச்சல்: வடிகட்டியா, யுஎஸ்பி சவுண்ட் கார்டா?

எங்கள் மதினி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தைக் குரலில் பதிந்து அனுப்புகிறார். பாளையங்கோட்டை வீட்டு டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான். அதனால் பதிவில் ‘உஸ்’ என்று இரைச்சல் கேட்டதும் பழியும் என் தலையில் விழுந்தது. இரைச்சலை நீக்கும் காசில்லாத வடிகட்டி மென்பொருள், வெளியே செருகி மைக்கை மாட்டும் சில நூறு ரூபாய் யுஎஸ்பி சவுண்ட் கார்டு, இரண்டையும் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது அங்கே ஓடுவது யுஎஸ்பி.

இரண்டுக்கும் முன்னால், டெர்மினலில் ஓடும் ஒலி அளவுக் கருவியான ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6-இல் கார்டைத் தேர்ந்து, உள்ளீடுகளைக் காட்டும் எஃப்4 அழுத்தி, மைக் ஒலியைப் பெருக்கும் மைக் பூஸ்ட்டைப் பாருங்கள். எங்களுடையது 30 டெசிபலில் நின்றது. குரலோடு சேர்த்து இரைச்சலையும் ஏறக்குறைய 32 மடங்கு பெருக்குகிற வேலை அது. 10-க்கு இறக்கியதும் பாதித் தொல்லை போனது. அடியில் ஒரு ‘ம்ம்’ ஓசை மட்டும் மிச்சம். வயரிங் பார்க்க வந்த அண்ணாச்சி ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்: “தம்பி, வெளிய மூணு ஓட்டை இருக்கு, உள்ள ரெண்டு வயருதான கெடக்கு!” எர்த் கொடுத்ததும் அந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் அடங்கியது. எந்த மென்பொருளும் செய்ய வேண்டிய வேலை இல்லை அது.

மீதி உஸ்ஸுக்குத்தான் போட்டி. ஈஸி எஃபெக்ட்ஸ் என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இருக்கும் ஆர்என்நாய்ஸ் வடிகட்டி கெட்டிக்கார சரக்கு. ஜான்-மார்க் வாலின் 2017-இல் வெளியிட்டது; பேச்சு எது, இரைச்சல் எது என்று பிரித்தறியப் பழக்கப்பட்ட நரம்பு வலைப்பின்னல் (நியூரல் நெட்வொர்க்). ஆடிக்காற்று ஜன்னலில் அடிக்கும் சத்தத்தைக்கூட ஓரளவு விழுங்கியது. ஆனால் இரைச்சல் கூடினால் சொல்லின் வால்களையும் சேர்த்து விழுங்கிவிடும். மதினி கேட்டுவிட்டுச் சொன்னார்: “கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரில்லா கேக்கு.”

அதைவிடப் பெரிய சங்கடம் பராமரிப்பு. மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பதிவு செய்யும் செயலியில் வடிகட்டிய குரலைத் தரும் அதன் மெய்நிகர் மைக்கைத் தேர்ந்திருக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் பழைய உஸ். மின்ட் 22 வந்தபோது ஒலி ஏற்பாடே பல்ஸ்ஆடியோவிலிருந்து பைப்வயருக்கு மாறியது. முன்பு அதன் பழைய வடிவமான பல்ஸ்எஃபெக்ட்ஸில் செய்துவைத்த அமைப்பை ஈஸி எஃபெக்ட்ஸில் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. நான் தென்காசியில் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் போனில் ‘அந்தப் பொத்தானை அமுக்குங்க மதினி’ என்று சொல்லி முடிவதற்குள் பாட நேரம் போய்விடும்.

யுஎஸ்பி கார்டில் இந்தப் பாடு கிடையாது. பெரும்பாலானவற்றுக்குத் தேவையான டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது. செருகி, ஒலி அமைப்பில் உள்ளீடாக ஒருமுறை தேர்ந்தால் சரி. இரைச்சல் குறைவதற்குக் காரணமும் எளிது. கேபினட்டின் முன்பக்க மைக் வயர் கிராபிக்ஸ் கார்டையும் பவர் சப்ளையையும் உரசிக்கொண்டு போகிறது. பதிவு ஓடும்போது உலாவியில் ஒரு பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். உருட்டலுக்குத் தக்க ‘கிர்ர்’ என்று மாறினால் சத்தம் பெட்டிக்குள் பிறக்கிறது. யுஎஸ்பி கார்டு குரலைப் பெட்டிக்கு வெளியிலேயே எண்ணாக (டிஜிட்டலாக) மாற்றிவிடுவதால், அந்தச் சத்தம் ஏற வழி குறைகிறது. முன்பக்கத் துளையில் செருகியபோது லேசாக ஒரு கீச்சு இருந்தது. பின்பக்கம் மாற்றியதும் போய்விட்டது.

ஒரு வருடமாகச் சிக்கல் இல்லை. ஆனால் நான் சோதித்தது ஒரே ஒரு கார்டு, அதுவும் பேச்சுக்கு மட்டும். வில்லுப்பாட்டு, நாதஸ்வரம் பதிவதற்கு இதை நம்பிச் சொல்ல மாட்டேன். ஆர்என்நாய்ஸையும் அங்கே போட வேண்டாம், வாத்தியத்தையே இரைச்சலாக எடுத்துக்கொள்ளும்.

ஃபேன் சத்தத்துக்கு யுஎஸ்பி ஒன்றும் செய்யாது. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பதிந்தால், பாடப்புத்தகமே விசிறியாகிவிடுகிறது. அந்த மாதம் மட்டும் வடிகட்டியை மறுபடி போட்டுக் கொடுக்கிறேன், போனில்தான்.