வருடத்தைப் பக்கத்தில் எழுதி வைத்துப் படித்தால்: மூன்றரை வருட அனுபவம்

மூன்றரை வருடமாக எனக்கு ஒரு பழக்கம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கதை, கவிதை எதை எடுத்தாலும் அடிக்குறிப்பும் அந்தக் காலத்து ஆவணங்களும் சேர்ந்த பதிப்பாகத் தேடி வாங்குவது, நோட்டில் இடப்பக்கம் கதையையும் வலப்பக்கம் அந்த வருடத்தில் அங்கே என்ன நடந்தது என்பதையும் குறித்துக்கொண்டே படிப்பது. கதையைப் படித்தால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். முதல் ஆறு மாதம் எனக்கும் அதே சந்தேகம்தான்.

அது தீர்ந்தது மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலைப் படித்தபோது. பள்ளி நாளிலிருந்தே உறுத்திய கேள்வி: அடிமையான ஜிம் சிறுவன் ஹக்கோடு தப்புவது மிசூரி மாநிலத்திலிருந்து, மிசிசிப்பி ஆற்றின் எதிர்க்கரை இல்லினாய்ஸ், அங்கே அடிமை முறை கிடையாது, ஆற்றைத் தாண்டிவிட்டால் முடிந்தது, பிறகு எதற்குத் தெப்பத்தில் தெற்கே போகிறார்கள்? மார்க் ட்வைன் கதைக்காக வளைக்கிறார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். விடை சட்டத்தில் இருக்கிறது. 1793இல் வந்த சட்டப்படி ஓடிப்போன அடிமையை எதிர்க்கரையிலும் பிடித்து உடைமைக்காரரிடம் கொடுக்கலாம். விடுதலைச் சான்று இல்லாத கறுப்பினத்தவரை இல்லினாய்ஸே கைது செய்யும். அதனால்தான் இல்லினாய்ஸின் தென்கோடியில் இருக்கும் கெய்ரோ ஊர் வரை போய், அங்கிருந்து ஓஹையோ ஆற்றில் மேலே ஏறி, அடிமை முறை இல்லாத மாநிலங்களுக்குள் வெகுதூரம் போய்விடும் திட்டம். இதைத் தெரிந்துகொண்டு, மூடுபனியில் அவர்கள் கெய்ரோவைத் தவறவிடும் இடத்தைத் திரும்பப் படித்தேன், வயிற்றைப் பிசைந்தது.

ஜிம்முக்கு யார் யார் என்ன விலை சொல்கிறார்கள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஜிம்மின் உடைமைக்காரி மிஸ் வாட்சனுக்கு விற்றால் கிடைக்கும் என்பது 800 டாலர், பிடித்துத் தருபவருக்கு 300, கடைசியில் தெப்பத்தில் வந்து ஒட்டிக்கொண்ட ‘ராஜா’ என்கிற மோசடிக்காரன் 40 டாலருக்குக் கைமாற்றிவிட்டுக் குடிக்கப் போகிறான். இத்தனைக்கும் புத்தகம் அமெரிக்காவில் வந்தது 1885இல், அடிமை முறை ஒழிந்து 20 வருடம் கழித்து, விடுதலையானவர்களின் உரிமையைத் தெற்கில் காக்க நடந்த ‘மறுசீரமைப்பு’ முயற்சி 1877இல் கைவிடப்பட்ட பிறகு. ஏற்கெனவே விடுதலை ஆன ஜிம்மை மறுபடி ‘விடுவிக்க’ ஹக்கின் நண்பன் டாம் சாயர் அடிக்கும் கூத்து எனக்கு இன்றும் இழுவைதான், ஆனால் அந்தத் தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

கவிதையில் அடிபட்டேன். கவிஞர் எமிலி டிக்கின்சனை ஓர் இலவச மின்னூலில் ஆரம்பித்து, ஆறேழு மாதம் கழித்துத்தான் அது 1890இல் வந்த முதல் தொகுப்பின் வடிவம் என்று புரிந்தது. மரணம் வண்டியில் வந்து அழைத்துப் போகும் கவிதைக்கு அதில் ‘தேர்’ என்று தலைப்பு. அவர் வைத்ததல்ல, பதிப்பாசிரியர்கள் ஒட்டியது. அதைவிட மோசம், ஒரு பத்தியையே காணோம்: சூரியன்தான் எங்களைக் கடந்து போனது என்று திருத்திச் சொல்லி, மெல்லிய உடையில் குளிர் ஏறும் அந்த நான்கு வரிகள். எனக்கு அந்தக் கவிதையே அங்கேதான் இருக்கிறது. இப்போது இணையத்தில் இருக்கும் எமிலி டிக்கின்சன் ஆர்க்கைவில் கையெழுத்துப் பிரதியின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன், காசு கிடையாது. வரிகளுக்கு நடுவே அவர் போடும் சிறு கோடுகளை அச்சில் பார்ப்பது வேறு, கையெழுத்தில் பார்ப்பது வேறு.

இந்த முறையின் பெரிய கெடுதலும் இவரிடம்தான் தெரிந்தது. அவர் மிக அதிகம் எழுதியது அமெரிக்க உள்நாட்டுப் போர் வருடங்களில், 1863இல் மட்டும் கிட்டத்தட்ட 300 கவிதை. இது தெரிந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நாலு மாதம் பூவைப் பார்த்தாலும் போர், தேனீயைப் பார்த்தாலும் போர். கவிதை போய் வலப்பக்கம்தான் மிச்சம். அப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முதல் வாசிப்பில் நோட்டைத் தொடக் கூடாது.

கவிஞர் வால்ட் விட்மனுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1855இல் 12 கவிதையோடு, தலைப்புப் பக்கத்தில் பெயர்கூடப் போடாமல் வெளியிட்ட ‘புல்லின் இதழ்கள்’ (Leaves of Grass) தொகுப்பைச் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தவர். விட்மன் ஆர்க்கைவ் இணையதளத்தில் எல்லாப் பதிப்பும் இலவசம், போருக்கு முன், பின் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாரதி இவரைப் பற்றி எழுதியிருப்பதால் நமக்கு ஏற்கெனவே பாதி சொந்தக்காரர்.

செலவு பற்றி: குறிப்புள்ள பதிப்புகள் விலை அதிகம், பழைய புத்தகமாக வாங்குவதே நல்லது. எழுத்து பொடி, இரவில் கண் எரியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலில் திமிங்கில வகைகளைச் சொல்லும் அத்தியாயமே இல்லை, சுருக்கம் என்று அட்டையில் எங்கும் போடவில்லை. வாங்குமுன் பொருளடக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், 135 அத்தியாயமும் முடிவுரையும் இருக்க வேண்டும்.