குழந்தைச் சட்டைப் பூவேலைக்குப் பருத்தி நூலா, ரேயான் நூலா?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கிணற்றடிக் கல்லில் அடிக்கடி துவைபடும் குழந்தைச் சட்டையில் பூவேலை செய்ய விரும்புவோர் பலர், மினுக்கத்தைப் பார்த்து, மரக்கூழிலிருந்து செய்யப்படும் ரேயான் நூலையே முதலில் எடுக்கின்றனர். அது பட்டுப் போல மின்னுவது உண்மைதான். ஆனால் நனைந்தவுடன் ரேயான் தன் வலிமையில் பெரும் பகுதியை இழந்துவிடுவதால், ஈரத்தில் கசக்கிப் பிழியும்போதே இழைகள் சிலும்பி அறத் தொடங்குகின்றன. பருத்தியோ நேர்மாறாக, உலர்ந்திருக்கும்போது உள்ளதைவிட நனையும்போது சற்று வலுப்பெறுகிறது.

ஆறு புரிப் பருத்தி நூலில் இரண்டைப் பிரித்தெடுத்து, 5 மில்லிமீற்றருக்கு மிகாத சிறு தையல்களாகப் போட்டால், கழுத்தோரப் பூவின் இதழ் பிள்ளையின் நகத்தில் எளிதில் சிக்காது. ரேயானில் இவ்வாறு தையலைக் குறுக்கினால் மினுக்கம் குறைந்துவிடும். பிறகு அதை வாங்குவது எதற்கு?

சிவப்பும் கருநீலமும் இரண்டு வகை நூலிலும் சாயம் விடக்கூடும் என்பதால், வெள்ளைத் துணித்துண்டில் நனைத்துப் பார்த்த பின்பே தைக்க வேண்டும். சட்டைத் துணியையும் முன்னரே துவைத்துச் சுருங்க விடாவிட்டால், பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். உட்புறத்தில் முடிச்சிடாமல் நூல் நுனியைத் தையல்களுக்கு அடியில் செருகுவது தோலுக்கு இதமானது.

குழந்தை பிறந்த துடக்கை (தீட்டை)க் கழிக்கும் 31ஆம் நாளில் மட்டும் உடுத்தும் சட்டைக்கு ரேயான் போதும்.